உடைத்த படகில் கூரை எழுமா? – கட்டடக் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. இடித்த வீட்டிலும் உடைத்த படகிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, கணினியின் துணையோடு, காற்றுக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கும் கட்டடத்தை எழுப்ப முடியுமா என்பதையே எல்லாரும் ஏதோ ஒரு வகையில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பழைய விசைப்படகை உடைக்கப் போகிறோம். மாமனார் வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்ததில் பனஞ்சட்டங்களும் ஓடுகளும் கிடக்கின்றன. இவற்றைக் கொண்டு வலை பின்னவும் சாமான் வைக்கவும் ஒரு கொட்டகை போட எண்ணம். கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன், எல்லா மரத்தையும் ஸ்கேன் செய்து, கணினியில் போட்டு, எந்திரத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்கிறான். நடக்கிற காரியமா?
– ஒரு படகு உரிமையாளர், பாம்பன்

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். புது மரத்தில் கட்டும்போது வரைபடம் முதலில் வருகிறது. அதற்கேற்ற நீளத்தில் மரத்தை அறுத்து வாங்குகிறோம். பழைய மரத்திலும் அப்படியே செய்தால், பத்தடிச் சட்டம் வேண்டுமென்று பன்னிரண்டடிச் சட்டத்தை அறுப்பீர்கள், ஒன்பதரை அடிச் சட்டத்தை விறகுக்குத் தள்ளுவீர்கள், கடைசியில் புது மரமும் வாங்குவீர்கள். முதலில் கையிருப்பை அளந்து பட்டியலிடுங்கள்; கொட்டகையின் அகலமும் தூணுக்குத் தூண் தூரமும் அந்தப் பட்டியலிலிருந்து பிறக்கட்டும். கணினி தன் உண்மையான பயனைத் தருவது அங்கேதான். பூ வேலைப்பாடு வெட்டுவதற்காக மட்டும் எந்திரத்தைத் தேடிப் போகிறவர்கள் அதன் பெரிய பலனை விட்டுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

படகு மரம் எல்லாம் ஒரே தரமல்ல. படகின் விலாச் சட்டங்களான வங்குக்கால்கள் பெரும்பாலும் நாட்டுக் கருவேலம் போன்ற, இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தில் செதுக்கப்பட்டவை. அவற்றில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது. நேரான பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்த துண்டிலோ நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது அந்த இடத்திலேயே பிளக்கும். எனவே வங்குக்காலை நேராக்க முயலாதீர்கள். தூணும் உத்திரமும் சேரும் முடக்கில் அதைத் தாங்குகட்டையாக வைத்தால், காற்று பக்கவாட்டில் தள்ளும்போது கொட்டகை சாயாமல் பிடித்துக்கொள்ளும். படகில் அலையை எதிர்த்து அது செய்த வேலையும் ஏறக்குறைய இதுவே.

ஆணி இருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்து வளையமிட்டிருக்கும். அந்தக் கறுப்புக்குள் குத்தூசியை அழுத்தினால் எளிதாக இறங்கும். வளையத்தைத் தாண்டி அழுத்தினால் ஊசி நிற்க வேண்டும். நின்றால் மீதி நல்ல மரம், கறுத்த பகுதியை மட்டும் விலக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். நீருக்குள் இருந்த பலகைகளில் கப்பற்புழுவின் வேலையைத் தேட வேண்டும். வெளியில் குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும். ஆனால் பலகையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்மையான சுவருடன் விரல் பருமனுக்கு வழிகள் ஓடியிருக்கும். கடலை விட்டு வெளியே வந்தபின் புழு பிழைப்பதில்லை என்றாலும், அது தின்ற பலகைக்கு இனிச் சுமை தரக் கூடாது. மறைப்புத் தட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். படகின் அடிப்பூச்சைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதில் செம்பு இருக்கும். மிகப் பழைய பூச்சானால் ஈயமோ, 2008இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கையால் கப்பல்களுக்குத் தடைசெய்யப்பட்ட டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சோ இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அந்தப் பலகையை அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள்.

பனஞ்சட்டத்தில் பார்க்க வேண்டியது வேறு. பனையின் வலிமை முழுவதும் வெளிப்புறத்துக் கறுத்த வைரத்தில் இருக்கிறது; உள்ளே போகப் போகச் சோறுதான். ஆகவே போல்ட்டுக்கான துளையும் பொருத்தும் வைரப் பகுதியில் விழுமாறு ஒவ்வொரு சட்டத்தின் வெட்டுமுகத்தையும் தனித்தனியே படமெடுத்து வையுங்கள். வரைபடத்தில் இரண்டு சட்டங்கள் ஒரே அளவாகத் தெரிந்தாலும், ஒன்றில் வைரம் இரண்டு விரல் கனமும் மற்றொன்றில் ஒரு விரல் கனமுமாக இருப்பது வழக்கம்.

இனி அளவு. நேரான சட்டங்களுக்கு ஸ்கேன் தேவையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, நீளம், இரு முனையிலும் நடுவிலும் அகலமும் கனமும், நூல் பிடித்தால் நடுவில் எவ்வளவு வளைவு என்பவற்றை டேப்பால் அளந்து ஓர் அட்டவணையில் ஏற்றினால் போதும். வங்குக்கால்களுக்குத்தான் முப்பரிமாண அளவு தேவைப்படுகிறது. அதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டாம். கட்டையை நிழலில் நிறுத்தி, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, ஒரு படமும் அடுத்த படமும் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு கைப்பேசியில் சுற்றிலும் படமெடுத்தால், இலவசமாகக் கிடைக்கும் மெஷ்ரூம் போன்ற மென்பொருள் அவற்றிலிருந்து கட்டையின் உருவத்தைக் கட்டியெழுப்பும். அடிக்கோல் இல்லாவிட்டால் உருவம் சரியாக வரும், அளவு வராது.

அட்டவணை தயாரானதும் எந்தச் சட்டம் எந்த இடத்துக்கு என்ற கேள்வி எழுகிறது. எடுத்துக்காட்டாக, கூரைக்கு 40 கைமரங்கள் தேவை, கையில் 55 சட்டங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். எதை எங்கே வைத்தால் அறுத்துக் கழிப்பது மிகக் குறைவாகும் என்பதை மனக்கணக்கில் முடிக்க முடியாது, வகைகள் எண்ணிலடங்காதவை. ஆளுக்கு வேலை ஒதுக்கும் இத்தகைய கணக்கைத் தீர்க்க அமெரிக்கக் கணிதவியலாளர் ஹரால்டு கூன் 1955இல் வெளியிட்ட 'ஹங்கேரிய முறை' இன்று எந்தக் கணினியிலும் நொடிப்பொழுதில் விடை தருகிறது. தம்பி மகன் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்திருந்தால் அது அதில் ஆயத்தமாகவே இருப்பதை அறிவார். வளைந்த கட்டைகளுக்கும் முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஹூக் பார்க் என்ற காட்டில், லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளி மாணவர்கள் பீச் மரத்தில் கிளை பிரியும் கவைகளை ஸ்கேன் செய்து, எந்தக் கவை எங்கே அமர வேண்டும் என்பதை நிரலைக் கொண்டு முடிவுசெய்து, எந்திரக் கையால் பொருத்துகளை மட்டும் வெட்டி, மரச்சில்லு சேமிக்கும் கொட்டகை ஒன்றை 2016இல் எழுப்பினார்கள். கவையின் வடிவத்தை அவர்கள் மாற்றவில்லை. கூரையின் வடிவம்தான் கவைகளுக்கு இணங்கியது. உங்கள் வங்குக்கால்களுக்கும் இதே வழி பொருந்தும்.

வெட்டுவதற்கு எந்திரக் கை வேண்டியதில்லை. பூஜையறைக் கதவும் ஜாலியும் வெட்டித்தரும் சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு எந்திரம்) கடையே போதும். பெரும்பாலான கடைகளில் மேசை எட்டடிக்கு நான்கடிதான் என்பதால் பன்னிரண்டடிச் சட்டம் முழுவதுமாகப் படுக்காது. ஆனால் வெட்ட வேண்டியது முனையை மட்டுமே என்பதால் மீதி நீளத்தை வெளியே ஸ்டாண்டில் தாங்கவைத்துக்கொள்ளலாம். முன்னதாக ஒரு முகத்தையாவது இழைத்துச் சமப்படுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் எந்திரத்துக்கு ஆதாரமே கிடைக்காது. முறிந்து உள்ளே தங்கிய ஆணி ஒன்று போதும், எந்திரத்தின் வெட்டுமுனையான ரூட்டர் பிட் தெறித்துவிடும். கையில் பிடிக்கும் உலோகம் கண்டறியும் கருவியை ஒவ்வொரு சட்டத்தின் மீதும் ஓட்டிப் பார்க்காமல் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

படகு மரம் உப்பு ஊறியது. ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண இரும்பு போல்ட் அதில் விரைவாகத் துருப்பிடிக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிறந்தது. இயலாவிட்டால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட். பசை போட்டு ஒட்டாதீர்கள். போல்ட்டைக் கழற்றினால் சட்டம் மீண்டும் சட்டமாகவே கிடைக்க வேண்டும். கைமரங்களில் சந்தேகமானவற்றைத் தரையில் இரு தாங்கிகளுக்கு மேல் வைத்து, கூரையில் வரப்போகும் சுமைக்கு மணல்மூட்டைகளை ஏற்றி, நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று அளந்து பாருங்கள். ஓட்டுக் கூரைக்கு, தாங்கிக்குத் தாங்கி உள்ள தூரத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பன்னிரண்டடிக்கு அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்.

உங்கள் ஊரில் கூரைக்கு ஆபத்து மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்தே அதிகம் வருகிறது. புயல் கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவில் வைத்திருக்கும் மண்ணில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கைமரத்திலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடித்தளத்துக்கும் உலோகப் பட்டை இடைவிடாது இறங்க வேண்டும். தாழ்வார ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்ட வேண்டும். கொட்டகைதானே என்று அனுமதியை விட்டுவிடவும் கூடாது. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, ஊர்ப்புறங்களில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையும், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் 50 மீட்டர் வரையும் புதுக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது. முதலில் உங்கள் இடம் எதில் வருகிறது என்று கேட்டறியுங்கள்.

கேள்வி: பாட்டனார் கட்டிய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். பர்மா தேக்குக் கதவுகளும் நிலைகளும் இருக்கின்றன. நிலை உயரம் குறைவாக இருப்பதால் புது வீட்டுக்கு ஒத்துவராது, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விற்றுவிடுங்கள் என்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, விற்காதீர்கள். கதவை வீட்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று நினைப்பதால்தான் ஒத்துவராது என்று தோன்றுகிறது. சுவர் இன்னும் எழும்பவில்லை அல்லவா? சுவரைக் கதவுக்கு ஏற்ப அமைக்கலாம். நிலையின் தலைக்கு மேல் மரச்சட்டமிட்ட காற்றுப்பலகணி ஒன்றை வைத்தால் திறப்பு இன்றைய உயரத்துக்கு வந்துவிடும், வெப்பக்காற்றும் வெளியேறும். நடக்கும் வழி உயரம் போதவில்லை என்றால் அந்தக் கதவை அலமாரிக்கோ முற்றத்து ஜன்னலுக்கோ கொண்டுபோகலாம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 2021இல் முடிந்த கே.118 என்ற கட்டடத்தில், இடித்த கட்டடங்களிலிருந்து ஜன்னல்களையும் எஃகுச் சட்டங்களையும் முதலில் சேகரித்துவிட்டு, கிடைத்த அளவுகளைக் கொண்டே முகப்பை வரைந்தார்கள். புதுப் பொருளில் கட்டியிருந்தால் வெளியாகியிருக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தவிர்த்ததாக அதன் கணக்கு சொல்கிறது. சீனாவின் நிங்போ அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் வாங் ஷு, இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடுகளையும் செங்கல்லையும் சுவரில் அடுக்கி 2008இல் கட்டினார். கொத்தனார்களின் கைப்பழக்கத்துக்கு அவர் இடம்விட்டதால் ஒரு சுவரைப் போல மற்றொன்று இல்லை.

உங்கள் பொறியாளரிடம் வரைபடத்தைத் தொடங்குவதற்கு முன்பே கதவுகள், நிலைகள், தூண்கள் அனைத்தின் அளவுப் பட்டியலைக் கொடுங்கள். நிலையைச் சுவரிலிருந்து எடுக்கும்போது கடப்பாரையால் நெம்பவிடாதீர்கள். சுற்றியுள்ள காரையை முதலில் உடைத்துவிட்டு, நிலை குறுக்கே விரியாதபடி மூலைவிட்டத்தில் ஒரு ரீப்பர் அடித்துப் பிறகு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். உடைந்துபோன செதுக்கல் பகுதி இருந்தால், நல்ல பகுதியை ஸ்கேன் செய்து, அதே வீட்டின் கழிவுத் தேக்கிலேயே எந்திரத்தால் முக்கால் வேலையை முடித்து, கடைசி இழைப்பைத் தச்சர் உளியால் முடிக்கலாம்.

கேள்வி: கடலோரத்தில் இருந்த எங்கள் கான்கிரீட் வீடு கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்துவிட்டது. இடித்த கான்கிரீட்டை அரைத்து ஜல்லியாக்கிப் புதுக் கட்டடத்துக்கே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு வேண்டாம். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதி 2016இல் திருத்தப்பட்டபோது, பழைய கான்கிரீட்டை அரைத்த ஜல்லியை கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்.25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும், அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கலவையில் முழுவதுமாகவும் அனுமதித்தது. ஆனால் உங்கள் வீடு பெயர்ந்ததற்குக் காரணமே உப்புக்காற்றிலிருந்து கான்கிரீட்டுக்குள் இறங்கிய குளோரைடு. அதை அரைத்துப் புதுக் கலவையில் போட்டால், அதே நோயை அடித்தளத்திலிருந்தே ஊட்டுவதாகிவிடும். கம்பிக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456 வரையறுக்கிறது, ஆய்வகத்தில் சோதிக்காமல் இதைக் கண்ணால் சொல்ல முடியாது. அந்த ஜல்லியைத் தரை நிரப்பவும், கம்பியில்லாத அடிப்படுக்கைக்கும் பயன்படுத்துங்கள். புதுத் தூண்களுக்கு எம்.30க்குக் குறையாத கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். அலைத்தூவல் படும் இடமென்றால் 50.

அரைப்பதைவிடச் சிறந்த வழியும் இருக்கிறது. துருவேறாத சுவர்ப் பகுதிகளை வைர ரம்பத்தால் கட்டிகளாக அறுத்தெடுத்து அப்படியே அடுக்குவது. சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2021இல், இடிக்கப்பட்ட சுவரிலிருந்து அறுத்த 25 கட்டிகளை வளைவாக அடுக்கி, இழுகம்பியால் இறுக்கி, 10 மீட்டர் நீள நடைபாலம் கட்டினார்கள். சூரிச்சுக்கு அருகே ஓபர்கிளாட் என்ற இடத்தில் ஆளில்லாமல் இயங்கும் மண்வாரி எந்திரம் ஒன்று, இயற்கைக் கற்களையும் கான்கிரீட் துண்டுகளையும் தானே ஸ்கேன் செய்து, சாந்தில்லாமல் 6 மீட்டர் உயரத்துக்குச் சுவர் அடுக்கியது. உங்களுக்கு அந்த எந்திரம் தேவையில்லை. பத்துப் பதினைந்து கட்டிகளைக் கொண்டு ஒரு தோட்டச் சுவரையோ, கொல்லைப்புறப் படியையோ ஓர் அனுபவமுள்ள கொத்தனாரே அடுக்கிவிடுவார்.

கேள்வி: இராமேசுவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் முருகைக்கல்லை எடுத்து வேறு வீட்டுக்கு வைக்கலாமா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: எடுத்துச் செல்வதும் விற்பதும் வேண்டாம். முருகைக்கல் பவளப்பாறைதான், பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பழைய வீட்டுக் கல்லென்று சொன்னாலும் புதிதாகக் கடலில் தோண்டிய கல்லென்று சந்தேகம் வரும். மன்னார் வளைகுடாப் பாறைகள் பட்ட அழிவு போதும். சுவர் நிற்கும் இடத்திலேயே பழுதுபார்ப்பதென்றால், இராமநாதபுரத்தில் உள்ள கடல்சார் தேசியப் பூங்கா வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் காரையில் மட்டும் செய்யுங்கள். சிமெண்டுப் பூச்சு உப்பையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துக் கல்லைப் பொடியாக்கும்.

கேள்வி: 'தகவமைப்புக் கட்டடம்' என்றால் சென்சாரும் மோட்டாரும் வைத்துத் தானாக அசையும் சுவர்கள் என்று பாடத்தில் படிக்கிறோம். நம் கடற்கரைக்கு இது பொருந்துமா?
– கட்டடக்கலை மாணவி, மண்டபம்

பதில்: உங்கள் ஊருக்கு அருகே கடலைக் கடந்த பழைய பாம்பன் பாலமே ஒரு தகவமைப்புக் கட்டுமானம்தான். 1914இல் திறக்கப்பட்ட அதன் தூக்குப் பகுதி, கப்பலுக்கு வழிவிட ஊழியர்களின் கைவலிமையால் இயக்கப்பட்டது. அது நூறாண்டுக்கு மேல் உழைத்ததற்கு, ஓயாத பராமரிப்பே காரணம். உப்பரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மின்விசையால் நேர்மேலே ஏறுகிறது. அப்படி ஒரு பாலத்தைப் பராமரிக்க ரயில்வே இருக்கிறது. ஒரு மீனவர் வீட்டு ஜன்னல் மோட்டாரைப் பராமரிக்க யார் இருக்கிறார்கள்? ஆகவே வீட்டளவில், கையால் கழற்றி மாட்டும் தட்டிகளையே நான் பரிந்துரைப்பேன். ஓர் ஆள் தூக்கும் எடையில், எல்லாச் சட்டத்திலும் பொருந்தும் ஒரே அளவில் அவை இருக்க வேண்டும். வாடைக்காலத்தில் வடகிழக்குப் பக்கம் மழையை மறைக்க அடைத்த தட்டி; சோழகம் மணலை வாரிக்கொண்டு வீசும் மாதங்களில் அதே தட்டி தென்மேற்குக்குப் போகும், அந்த இடத்தில் துளைத் தட்டி வரும். பழைய படகுப் பலகையின் குட்டைத் துண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

கணினியை இங்கே வெயிலைக் கணக்கிடப் பயன்படுத்துங்கள். மண்டபம் ஏறத்தாழ 9.3 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21இல் 14 பாகை வடக்கே, டிசம்பர் 21இல் ஏறக்குறைய 33 பாகை தெற்கே. வடக்குச் சுவருக்கு நிழல் வேண்டாம் என்று வட இந்தியாவை எண்ணி எழுதிய பாடநூல் சொல்வது நமக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மாதத்துக்கும் நிழல்படத்தை எடுத்து, தட்டியின் துளைச் சாய்வை அதற்கேற்ப வரைந்து, பிறகு வெட்டக் கொடுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுக்கு மேலாகத் தச்சு வேலை செய்கிறேன். இனி எல்லாம் எந்திரம்தான் என்கிறான் என் மகன். எங்களுக்கு வேலை இருக்குமா?
– ஒரு தச்சர், தேவிபட்டினம்

பதில்: ஐயா, புது பிளைவுட்டை வெட்டும் வேலையில் எந்திரத்தோடு போட்டியிட முடியாது, அதை மகனுக்கே விட்டுவிடுங்கள். பழைய மரம் அப்படியல்ல. சட்டத்தைத் தட்டி ஓசை கேட்டு உள்ளே சொத்தை இருக்கிறதென்று சொல்வதும், எந்த முகத்தை மேலே வைத்தால் வளைவு சுமையை எதிர்த்து நிற்கும் என்று தீர்மானிப்பதும், கப்பற்புழுத் துளையைக் கண்டு ஒரு பலகையைத் தள்ளுவதும் ஸ்கேனுக்குப் புலப்படாதவை. அது மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது. உங்கள் மகன் தயாரிக்கும் அட்டவணையில் நீளம், அகலம், கனத்துக்கு அடுத்து ஒரு பத்தியை உங்களுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிப் பார்த்து, உத்திரத்துக்கா, கைமரத்துக்கா, தட்டிக்கா, விறகுக்கா என்று அதில் நீங்கள் எழுதுங்கள். உங்கள் பத்தி நிரம்பிய பிறகே கணினி பொருத்தம் பார்க்கட்டும். அந்த மதிப்பீட்டுக்குத் தனியாகக் கூலி கேளுங்கள். வேலை கொடுப்பவரின் கணக்கில் அது தனி வரியாகவே வரட்டும்.